செல்போன் மீது போடும் பழி

தமிழ்நாட்டில் எந்த மேடையில் சொன்னாலும் கைதட்டல் கிடைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "செல்போன் வந்தது, உறவு போனது." பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் இதைச் சொல்கிறார். பட்டிமன்றத்தில் இரண்டு அணிகளும் சொல்கின்றன. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் சொல்கிறார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

மறுத்தே ஆக வேண்டும். இந்த நம்பிக்கை உண்மையல்ல, தீங்கும் செய்கிறது. மனிதர்களைத் தனியாக்கிய முடிவுகளை எடுத்தவர்கள் இதன் மறைவில் தப்பித்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே தனித்துக் கிடப்பவர்களோ, கையிலிருக்கும் ஒரே துணையையும் இதனால் பறிகொடுக்கிறார்கள்.

தனிமை சாதாரணத் துன்பமல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 மரணங்கள் அதோடு தொடர்புடையவை என்றும் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2025 ஜூனில் அறிக்கை தந்தது. இவ்வளவு பெரிய நோய்க்குக் காரணத்தைத் தப்பாகச் சொன்னால் வைத்தியமும் தப்பாகத்தான் போகும்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தை வெப்ப அலை தாக்கியது. வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமான எண்ணிக்கையைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். பிணவறையில் இடம் போதாமல் குளிரூட்டப்பட்ட லாரிகளை வரவழைத்து உடல்களை அடுக்கினார்கள். இறந்தவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். திருட்டுக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமல் உள்ளேயே இருந்து செத்தவர்கள் உண்டு. உடலைக் கேட்டு யாருமே வராதவர்களும் உண்டு. இது நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2007இல்தான் ஐபோன் விற்பனைக்கு வந்தது. 1995இல் முகநூலும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. அந்த மனிதர்களைத் தனியாக்கியது எந்தத் திரை?

எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் இந்தச் சாவுகளை வருடக்கணக்கில் ஆராய்ந்து 2002இல் புத்தகமாக எழுதினார். அருகருகே இருக்கும் இரண்டு பகுதிகளை அவர் ஒப்பிட்டார்: வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டிலும் வறுமை, இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள், இரண்டிலும் அதே வெயில். ஆனால் வடக்கில் சாவு விகிதம் தெற்கைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. வடக்கில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, கடைகள் போய், காலி மனைகளும் பாழடைந்த வீடுகளும் மிஞ்சியிருந்தன. முதியவர்கள் வாசலைத் தாண்டவே அஞ்சினார்கள். தெற்கில் தெருவெங்கும் கடை, நடைபாதையெங்கும் ஆள் நடமாட்டம். வெயில் தாங்காத கிழவியும் குளிரூட்டிய கடைக்குள் போய் நின்றுகொள்ள முடிந்தது. ஒருத்தி இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை என்றால் கவனிக்க ஆள் இருந்தது. உயிரைக் காத்தது தெரு. கொன்றது, தெருவைச் சாகவிட்ட முதலீட்டு முடிவுகளும் நகராட்சியின் அலட்சியமும்.

இணையத்தைக் குற்றம் சாட்டியவர்களிடம் ஒரு காலத்தில் ஆதாரமும் இருந்தது. பிட்ஸ்பர்க் நகரில் 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேருக்குக் கணினியும் இணையமும் கொடுத்து, ராபர்ட் கிராட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் கண்காணித்தார்கள். இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தனிமையும் மனச்சோர்வும் சற்றே கூடின என்று 1998இல் எழுதினார்கள். செய்தி உலகமெங்கும் பரவியது. அதே குழு, அதே மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் இன்னொரு கட்டுரை எழுதியது: முன்பு கண்ட பாதிப்புகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இந்த இரண்டாவது செய்தி முதல் செய்தி அளவுக்குப் பரவவில்லை. புதிதாகச் சேர்த்த இன்னொரு குழுவிடம் அவர்கள் கண்டது இன்னும் முக்கியமானது. பழகும் குணமும் சுற்றி ஆட்களும் உள்ளவர்களுக்கு இணையம் நன்மை செய்தது. ஆதரவு குறைந்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை, நிலை மோசமாகவும் செய்தது. உறவு இருக்கும் இடத்தில் கருவி அதைப் பெருக்குகிறது, வெறுமை இருக்கும் இடத்தில் வெறுமையைப் பெருக்குகிறது. அப்படியானால் நாம் கேட்க வேண்டியது, அந்த வெறுமை எங்கிருந்து வந்தது என்பதே.

செல்போனுக்கு முந்தைய தமிழ்க் குடும்பத்தில் தனிமையே இல்லை என்று சொல்பவர்கள் அந்தக் குடும்பத்தின் அடுப்படியில் நின்றவர்களிடம் கேட்டுவிட்டுப் பேசட்டும். பதினெட்டு வயதில் வேற்றூருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண், பன்னிரண்டு பேருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, தன் மனதில் இருப்பதைச் சொல்ல ஒருத்தி இல்லாமல் வாழ்ந்தாள். தாய்வீட்டு விசேஷத்துக்குப் போக மாமியார் வாயிலிருந்து அனுமதி வர வேண்டும். கூடப் படித்த தோழி எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பதுகூடத் தெரியாது. கீழக்கரையிலும் கடையநல்லூரிலும் வளைகுடாவுக்குப் போன கணவனின் குரலைக் கேட்க, ஊருக்கு வருபவர் கையில் அவன் பேசிக் கொடுத்தனுப்பிய கேசட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 1990களில் யாழ்ப்பாணத்துத் தொலைபேசித் தொடர்பு அறுந்து கிடந்தபோது, கொழும்பிலோ கனடாவிலோ இருந்த பிள்ளை உயிரோடுதான் இருக்கிறானா என்று அறியாமல் தாய்மார் தூங்கப் போனார்கள். இவர்களில் யாருடைய உறவைச் செல்போன் கெடுத்தது? முடியாமல் இருந்ததை அது முடிய வைத்தது.

காதுகேளாதவர்களைக் கேளுங்கள். வீடியோ அழைப்பு வருவதற்குமுன் சைகை மொழியில் பேச நேரில் போயாக வேண்டும். ஒரு ஊரில் ஒரே ஒரு காதுகேளாத பெண் இருந்தால், அந்த ஊரில் அவளுடைய மொழியில் பேச ஆளே இல்லை. இன்று அவள் மதுரையில் இருக்கும் தோழியோடு இரவு பத்து மணிக்குக் கைகளால் பேசிச் சிரிக்கிறாள். இதை உறவின் அழிவு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

நடக்கும் கேடு இதுதான்: செல்போன் மீது பழி விழும்போதெல்லாம் வீட்டில் முதலில் பறிக்கப்படுவது மகளின் செல்போன். மருமகளின் செல்போன். பையன் திண்ணையில், டீக்கடையில், மைதானத்தில் இருந்துவிட்டு இரவு பத்து மணிக்கு வரலாம். அவளுக்கு அந்த வாசல்கள் எல்லாம் அடைபட்டவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கடைக்கும் மருத்துவமனைக்கும் ஊருக்கு வெளியேயும் தனியாகப் போய்வர அனுமதி உள்ள பெண்கள் இந்தியாவில் 42 சதவீதம் மட்டுமே. தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருப்பவர்கள் 54 சதவீதம். வெளியே போகவும் விடாமல், உள்ளே இருந்து பேசவும் விடாமல், உறவு கெட்டுப்போகிறது என்று கவலைப்படுவது அநியாயம். 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்கு 299 நிமிடமும், செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். பெண்ணின் நேரத்தைத் தின்பது எது என்பதை அந்தக் கணக்கே சொல்கிறது.

முதியவர்கள் கதைக்கு வருவோம். 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழக மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் போனது செல்போன் அழைத்ததால் அல்ல. சொந்த ஊரில் படிப்புக்கேற்ற வேலை இல்லாததால் போனார்கள். திண்ணைகளை இடித்தது செல்போன் அல்ல. மனை விலையும் சாலை விரிவாக்கமும் இடித்தன. ஒரு காலத்தில் முதியோர் உதவித்தொகை மணியார்டராக வரும். தபால்காரர் வாசலில் நின்று எண்ணிக் கொடுப்பார், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். இப்போது அந்தத் தொகை வங்கிக் கணக்கில் விழுகிறது. மின்கட்டணம், ரயில் டிக்கெட், வங்கிக் காரியம் எல்லாம் கவுன்ட்டரிலிருந்து திரைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இங்கே தொழில்நுட்பம் மனிதரை அகற்றியது உண்மைதான். ஆனால் அகற்றலாம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. ஆள் சம்பளத்தை மிச்சம் பிடித்தவர்கள் உண்டு. அவர்களை விட்டுவிட்டு, பாட்டி சீரியல் பார்க்கும் செல்போனைத் திட்டுகிறோம்.

செல்போனுக்குள் இருக்கும் நிறுவனங்கள் நிரபராதிகள் என்று நான் சொல்லவில்லை. முடிவே இல்லாமல் உருளும் திரையை, கண்ணை எடுக்க விடாத அறிவிப்புகளை வடிவமைத்தவர்கள் அவர்கள். பிள்ளைகளின் நேரம் அவர்களுக்கு விளம்பரக் காசு. அவர்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் மாற்றுக் கருத்து இல்லை. அதையும் தனிமைக்கான மூலகாரணத்தையும் போட்டுக் குழப்பக்கூடாது என்கிறேன். ஏனென்றால் அந்தக் குழப்பத்தில் லாபம் பார்ப்பவர்களும் அதே நிறுவனங்கள்தான். தனிமை கருவியால் வந்த நோய் என்று நம்பவைத்துவிட்டால், அதைவிட நல்ல கருவியால் குணமாகும் என்று நம்பவைப்பது எளிது.

அந்தக் கடை ஏற்கெனவே திறந்தாகிவிட்டது. சராசரி அமெரிக்கருக்கு மூன்று நண்பர்கள்கூட இல்லை, அவர் விரும்புவதோ பதினைந்து பேரை என்று 2025இல் ஒரு நேர்காணலில் சொன்ன முகநூல் நிறுவனர் மார்க் ஜூக்கர்பெர்க், அந்த இடைவெளியில் செயற்கை நுண்ணறிவுத் துணைகளுக்கு இடம் இருக்கிறது என்றார். அதே ஆண்டு ஓப்பன்ஏஐ நிறுவனமும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகமும் ஏறத்தாழ ஆயிரம் பேரை நான்கு வாரம் கவனித்த ஆய்வில், சாட்ஜிபிடியோடு அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமையும் அதைச் சார்ந்திருக்கும் போக்கும் கூடுதலாகவும், மனிதர்களோடு பழகுவது குறைவாகவும் இருந்தன. தனிமைதான் அவர்களை அங்கே தள்ளியதா, அது தனிமையைக் கூட்டியதா என்று வாதிடலாம். மருந்து என்று விற்க அதில் இடமில்லை.

இயந்திரத்திடம் துணை தேடும் இந்த ஆசை புதிதும் அல்ல. எம்ஐடியில் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா, நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல். அது உருவாவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, சிறிது நேரம் அதோடு பேசியதும், அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் அதிர்ந்துபோனார். பத்தாண்டுகள் கழித்து, எந்தெந்த வேலைகளைக் கணினியிடம் ஒப்படைக்கக்கூடாது என்று புத்தகமே எழுதினார். அந்தப் பெண்ணின் செயலில் மடமை இல்லை. தன் பேச்சைக் கேட்கும் ஒரு காதுக்கு மனிதர் எவ்வளவு ஏங்குகிறார் என்பதை அது காட்டுகிறது. அந்த ஏக்கத்தைச் சந்தா கட்டி வாங்கும் சரக்காக மாற்றுவதுதான் இழிவு.

இயந்திரம் தனிமையைத் தீர்க்கும் என்றால் முதலில் ஜப்பானில் தீர்ந்திருக்க வேண்டும். மறதி நோயாளிகளை அமைதிப்படுத்தும் பாரோ என்ற கடல்நாய் வடிவ ரோபோவை உருவாக்கிய நாடு அது. சில முதியவர்களுக்கு அது ஆறுதல் தருகிறது, தரட்டும். ஆனாலும் அந்த நாடு 2021இல் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமிக்க வேண்டியிருந்தது. 2024இல் மட்டும் வீட்டில் தனியாக இறந்துகிடந்த 76,020 பேரை ஜப்பான் காவல்துறை கணக்கெடுத்தது. நான்கில் மூன்று பங்குக்கு மேல் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள்.

ஆகவே எது தனிமையைக் குறைக்கும் என்று கேட்டால் என் பதில் மிகச் சாதாரணமானது: மனிதர் மனிதரைச் சந்திக்க நேரமும் காசும் இடமும் உரிமையும் வேண்டும். 2021இல் தமிழகத்தில் பெண்களுக்குச் வெள்ளைப் பலகை மாட்டிய சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இலவசப் பயணம் வந்தது. காசு கேட்டு நிற்காமல் அக்கா வீட்டுக்கும் கோயிலுக்கும் போய்வர முடிந்த பெண்ணுக்கு எந்தச் செயலியும் கொடுக்காததை அந்த வெள்ளைப் பலகைப் பேருந்து கொடுத்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அன்று தொழிற்சங்கங்கள் காப்பாற்றியது கூலியை மட்டுமல்ல, அப்பா வீட்டுக்கு வந்து பிள்ளையோடு பேசும் மாலை நேரத்தையும்தான்.

உறவைப் பற்றி மேடையில் கவலைப்படுபவர்கள் இனி இவற்றைக் கேட்கட்டும். இருட்டிய பிறகும் பெண்கள் பயமில்லாமல் உட்காரக்கூடிய பூங்கா எந்த வார்டில் இருக்கிறது? கிளை நூலகம் வேலை முடிந்து வருபவர்களுக்காக ஏன் இரவு ஒன்பது வரை திறந்திருப்பதில்லை? வங்கியிலும் மின்வாரிய அலுவலகத்திலும் முதியவரின் முகம் பார்த்துப் பேசும் ஆளை ஏன் எடுத்தீர்கள்? மாவட்டத் தலைநகரில் ஏன் வேலை இல்லை? வீட்டுவேலையில் ஏன் பங்கெடுப்பதில்லை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சட்டமன்றத்திலும் நிறுவனங்களிலும் நகராட்சியிலும் இருக்கிறார்கள், நம் வீட்டு ஆண்களும் அவர்களில் அடக்கம். செல்போனைத் திட்டி முடித்ததும் இவர்கள் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த நிம்மதியை நாம் இனியும் அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது.