பெயர் மறந்த சிப்பிகள்

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிப்பியும் சோகியும் காசு கொடுத்து வாங்கும் பொருள்களல்ல. அவை காலடியில் கிடப்பவை. அதனால், அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிப் பெயர் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பயிற்சிப் பட்டறை ஒன்றிற்காகத் தென் மாகாணத்திற்குச் சென்ற நாங்கள், திரும்பும் வழியில் கரையோர வீதியில் இருந்த ஒரு சிறிய சிப்பிக் காட்சிச்சாலையைப் பார்க்க இறங்கினோம். காட்சிச்சாலை என்றால் பெரிய கட்டடமல்ல. ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவரின் வீட்டு முன் அறைகள் இரண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அந்த வீட்டுக்குள்ளும் புகுந்ததாம். சேற்றைக் கிளறி மீட்டெடுத்தவை முதலாவது தட்டில் இருக்கின்றன. மற்றவை அவரிடம் படித்த பிள்ளைகள் பின்னர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தவை.

ஒரு தட்டில் சிறு துளையுள்ள மட்டி ஓடுகள் கிடந்தன. மட்டக்களப்பின் தெற்கே கல்லாறுப் பக்கத்தில் நான் சிறுமியாக இருந்தபோது, இப்படித் துளையுள்ள ஓடுகளைத் தேடித்தான் கரை முழுவதும் அலைவோம். நூலில் கோத்து மாலையாக்குவதற்கு அவைதான் வசதி. அந்தத் துளையை யார் போட்டார்கள் என்று அப்போது யோசித்ததில்லை. மணலுக்குள் வாழும் ஒருவகை நத்தை, மட்டியின் ஓட்டைத் துளைத்து உள்ளிருக்கும் சதையைத் தின்கிறது என்று ஆசிரியை விளக்கினார். நாங்கள் கழுத்தில் போட்டு மகிழ்ந்தது ஒரு நத்தை உண்டு முடித்த மிச்சத்தைத்தான்!

எங்கள் ஊரில் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. கரவலை இழுக்கும் நாட்களில் கயிற்றின் கடைசியில் நாங்களும் தொங்குவோம். வலை கரையேறியதும் எங்கள் கையிலும் ஒருபிடி மீன் விழும். மாலையில் சோகி பொறுக்கி வந்து முற்றத்தில் தாயம் விளையாடுவோம். முகத்தில் பரு வந்தால் அம்மம்மா சங்கைக் கல்லில் உரைத்துப் பூசிவிடுவார். "இது ஊரி, இது மட்டி, இதுக்குள்ள உசிர் இருக்கு, திரும்ப விடு மகள்" என்று அவர் சொல்லச் சொல்லத்தான் பெயர்களைக் கற்றோம். அதற்கென்று யாரும் பாடம் நடத்தவில்லை.

காட்சிச்சாலையில் ஒவ்வொரு சிப்பிக்கும் விஞ்ஞானப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் என மூன்று எழுதப்பட்டிருந்தன. தமிழ்ப் பெயர் இல்லை. "உங்கள் பக்கத்தில் இவற்றை எப்படி அழைப்பீர்கள்? எழுதித் தாருங்கள்" என்று ஆசிரியை தாளும் பேனையும் தந்தார். நான் என்னுடன் வந்த தங்கையிடம் தாளை நீட்டினேன். அவள் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள், இருபத்துநான்கு வயது. கடலிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் வளர்ந்தவள். தட்டுகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் சிப்பிதானே?" என்றாள்.

அவள்மீது குறையில்லை. பேரலை வந்தபோது அவளுக்கு மூன்று வயது. அதன்பின் அவளது வீட்டில் யாரும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லவில்லை. 2005இல் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. அது பின்னர் தளர்த்தப்பட்டபோதும் பலர் உட்புறக் குடியிருப்புகளிலேயே தங்கிவிட்டனர். நான் செல்லும் மாதர் குழுவில் ஒரு தாய் சொன்னார்: "மிஸ், கடல் இருக்கிற பக்கத்தையே நான் பிள்ளைக்குக் காட்டுறதில்ல." இரு சகோதரிகளைப் பறிகொடுத்த தாய் அவர். அவரிடம் "பயப்படாதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் சகோதரிகளே, ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தனர் என்று 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை கூறியது. அது கூறிய காரணங்களுள் ஒன்று, நீந்தவும் மரமேறவும் நமது சமூகங்களில் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்குகிறோம் என்பது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முயன்ற தாய்மாரும் பலர்.

அப்படியானால் கடலைக் காட்டாமல் வளர்ப்பது நமது பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகுமா? என் அனுபவத்தில் ஆகாது. பயம் பிள்ளையைக் கரையிலிருந்து விலக்கி வைக்கும். ஆனால் தண்ணீர் வீட்டுவாசலுக்கு வந்தால் என்ன செய்வது என்று அது சொல்லித் தராது.

அழகான கோலமிட்ட கூம்பு வடிவச் சங்கு ஒன்றைக் காட்டி ஆசிரியை சொன்னதும் இதுதான். உயிரோடிருக்கும்போது அது நச்சு முள்ளால் குத்தும். அவ்வினத்தில் சில மனிதரையே கொல்லக்கூடியவை. "அழகு என்று சொல்வதற்கு முன் இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்" என்றார். அம்மம்மாவின் வாய்ப்பாடமும் இந்த வகைதான். விளையாட்டோடு விளையாட்டாக எது ஆபத்து, எது உயிர், எது வெறும் ஓடு என்பதையும் சேர்த்தே கற்றோம். பயம் வந்து அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டது.

அதை மீண்டும் தொடங்குவது தாய்மாரின் கையில்தான் இருக்கிறது. கிழக்கில் கடல் கொந்தளிக்கும் ஐப்பசி முதல் தை வரையான மாதங்களை விட்டு, அமைதியான நாளொன்றில் பிள்ளைகளைப் பெரியவர்கள் துணையோடு கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். தெரிந்த பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். தெரியாததை ஊரிலுள்ள மூத்த கடற்றொழிலாளரிடமும் மட்டி பொறுக்கும் அம்மாமாரிடமும் கேளுங்கள். உயிருள்ள சிப்பியை எடுக்க விடாதீர்கள். வெறும் ஓடுகளிலும் சிலவற்றை விட்டுவரச் சொல்லுங்கள். அவற்றைத் தேடிக் குடிபுகும் நண்டுகளுக்கு அவைதான் வீடு.

நீந்தத் தெரிந்த ஒருவரின் பொறுப்பில் பெண்பிள்ளைக்கும் நீச்சல் பழக்குங்கள். "பொம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு 2004ஐ நினைவூட்டுங்கள். நிலம் நீண்ட நேரம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் வழமைக்கு மாறாகப் பின்வாங்கினாலோ ஏறினாலோ, வேடிக்கை பார்க்க நில்லாமல் மேடான இடத்துக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். தொலைவில் நிலம் அதிர்ந்தால் நமக்குத் தெரியவராது. ஆதலால் எச்சரிக்கை ஒலி கேட்டால் எந்த வழியால் போவது என்று குடும்பமாக ஒருமுறை நடந்து பாருங்கள்.

அந்த மாதர் குழுத் தாய் இன்னும் கரைக்குப் போகவில்லை. சென்ற வாரம் அவரது மகளுக்கு நான் ஐந்து சோகிகள் கொடுத்தேன். பிள்ளை தாயம் கேட்டதாம். அம்மா விளையாடக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.