கொட்டகை நமது, கோழி எவனது?

தமிழ் உழவன் வீட்டுப் புறக்கடையில் கோழி மேய்ந்த காலத்தில் அக்கோழி அவனுடையதாக இருந்தது. பஞ்சாரத்தில் கவிழ்த்து, தவிடும் குருணையும் இட்டு, அடைவைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தவள் அவன் மனைவி. முட்டை விற்ற காசு அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. உறையூருக்குக் கோழி என்றே பெயர் வழங்கிய இனம் நம் இனம்!

இன்றோ? 1990-களில் கோவை, பல்லடம் பக்கங்களில் வேரூன்றிய கூலிவளர்ப்பு முறையைப் பாருங்கள். நிலம் உழவனுடையது, கொட்டகை அவன் கடன்பட்டுக் கட்டியது, தண்ணீரும் மின்கட்டணமும் குடும்பத்தார் உழைப்பும் அவன் பொறுப்பு. குஞ்சும் தீனியும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. ஏறத்தாழ 40 நாளில் கோழி 2 கிலோ எடையெய்தியதும் நிறுவன வண்டி வந்து அள்ளிச் செல்கிறது. உழவன் கைக்கு வருவது விலையன்று, எடைக்கேற்ற வளர்ப்புக்கூலி. தீனிச் செலவு கூடினாலோ, குஞ்சுகள் மிகுதியாக மாண்டாலோ அக்கூலியிலும் பிடிப்பு! குஞ்சைத் தேர்ந்தவன் எவன்? தீனியை அரைத்தவன் எவன்? குறைக்கு மட்டும் உழவன் பொறுப்பா?

“விலை சரிந்தால் உழவனுக்கு இழப்பில்லையே” என்பர் இம்முறைக்குப் பரிந்து பேசுவோர். 2006-இல் மராட்டிய மாநிலத்து நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் தோன்றியபோது, நோய் புகாத தமிழகத்திலும் விலை சரிந்தது. அத்தகைய நாளில் நிறுவனம் குஞ்சு இறக்குவதை நிறுத்திக்கொண்டால் கொட்டகை உறங்கும். கடன் வட்டி உறங்குமா?

உரிமை போன வழியிலேயே மொழியும் போயிற்று. முட்டைக்கோழி ‘லேயர்’ ஆயிற்று. கறிக்கோழி ‘பிராய்லர்’ ஆயிற்று. தீனி ‘பீடு’ ஆயிற்று. தமிழில் பீடு என்பது பெருமை! பெருமையைத் தொலைத்தவன் மூட்டைத் தீனிக்கு அப்பெயரிட்டு அழைக்கிறான். நம் பாட்டிமார் வெள்ளைக்கழிச்சல் என்ற நோய்க்கு வடபுலத்து ஊரொன்றின் பெயரால் ‘இராணிக்கெட்டு’ என்கிறான். வெள்ளைக்கழிச்சல் என்னும் சொல்லிலேயே நோயின் குறி விளங்குகிறது. இராணிக்கெட்டில் என்ன விளங்குகிறது? தன் பொருளுக்குத் தானே பெயரிட மாட்டாதவன், தானே விலையிடுவது எங்ஙனம்?

நாமக்கல் பண்ணைகளால் முட்டை மலிந்தது. பள்ளிச் சிறார் உணவிலும் முட்டை சேர்ந்தது. அதனை நாம் இகழோம். பண்ணை வேண்டா என்பதன்று நம் கொள்கை. பண்ணையாளன் அடிமையாகலாகாது என்பதே.

2019-இல் தமிழ்நாட்டரசு ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனச் சட்டம் இயற்றியது. கால்நடையும் அதனுள் அடங்கும். ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. உடன்படிக்கைத் தாள் ஒவ்வொன்றும் உழவன் படித்தறியும் தமிழில் இருத்தல் வேண்டும். உண்மைச் செலவைக் கணக்கிட்டு வளர்ப்புக்கூலியை வரையறுத்தல் வேண்டும். குஞ்சும் தீனியும் ஆக்கும் உழவர் கூட்டுறவுகள் வட்டந்தோறும் எழுதல் வேண்டும்.

உழவர் பெருமக்களே! கணக்கைத் தமிழில் கேளுங்கள். விளங்குமட்டும் கையெழுத்திடாதீர்கள்!