முதல் நாளின் அந்நியர்கள்

தமிழில் பயண இலக்கியத்துக்குப் பஞ்சமில்லை. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஏ.கே. செட்டியார் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்ததும், 1973இல் அயோவா சென்ற அசோகமித்திரன் அந்த அனுபவத்திலிருந்து ‘ஒற்றன்’ எழுதியதும் நாம் நன்கறிந்தவை. ஆயினும், இவ்வகை எழுத்தில் பெரும்பகுதி தனியாளின் எழுத்து. வயோதிகத் தாயையும் பள்ளிச் சிறுமியையும் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பெருநகரத்தில் வந்திறங்கும் முதல் நாளின் கலவரம் அதில் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. அந்த ஒரு நாள்தான் ஊரின் குணத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்பது எங்கள் எண்ணம். சொந்த அனுபவத்தைச் சொல்வதற்கு இதுவே காரணம்; சுற்றுலாப் பெருமை பேச அல்ல.

திருவண்ணாமலையிலிருந்து சிங்கப்பூருக்குப் போனவர்கள் நால்வர்: அம்மா, ஆறு வயது மகள், நாங்கள் இருவர். நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முந்திய ஊர் அது. இறங்கியதுமே, உறங்காத இரவு இன்னும் நீண்டுவிட்டதுபோல் இருந்தது. மெர்லயன் சிலை, தாவரவியல் பூங்கா, மெரினா விரிகுடா என்று மாதக்கணக்கில் யோசித்து எழுதி வைத்திருந்த பட்டியல் அன்று காலையிலேயே காலாவதியாகிவிட்டது. பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலுடன் நடக்கும் அம்மாவால், பயணத்துக்கென வாங்கிய புதுக் காலணியுடன் ஒரு தெருவைக் கடக்க முடியவில்லை. குடும்பப் பயணத்தில் கடிகாரமும் வரைபடமும் நமக்கு உதவுவதில்லை. மிக மெதுவாக நடப்பவரின் கால்தான் வழியைத் தீர்மானிக்கிறது.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்தோம். நான்கு மொழிகளில் ஒலித்த அறிவிப்பில் தமிழும் வந்தபோது, யாரோ தம்மை அழைத்ததுபோல் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தெம்பில் பையைத் திறந்து முறுக்கை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார். அந்த ரயிலில் உண்பதும் குடிப்பதும் குற்றம். அபராதம் 500 வெள்ளி வரை போகலாம் என்று எதிரே பலகை அறிவித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அருகில் இருந்த சீன மூதாட்டி அம்மாவின் மணிக்கட்டில் மெல்லக் கை வைத்து, பலகையைக் காட்டி, முறுக்கைத் தாமே பைக்குள் திருப்பி வைத்துவிட்டுச் சிரித்தார். ஒரு சொல் இல்லை. அன்று நாங்கள் கண்ட காட்சிகளில் இதற்கு நிகரானது வேறில்லை.

மாலையில் வழி தவறினோம். லிட்டில் இந்தியாவின் குறுக்குத் தெருக்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் காலணியைக் கழற்றிய அம்மா, அதை மறுபடி அணிய மறுத்துவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கட்டுமானத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூடும் நாள். எங்கள் பேச்சைக் கேட்டு ஓர் இளைஞர் நின்றார். “எனக்குப் போளூருதாம்மா” என்றார். “போளூரா? அப்ப பக்கத்து ஊருப் புள்ள” என்று அம்மா அவர் தோளைப் பற்றிக்கொண்டார். பைகளைச் சுமந்துகொண்டு விடுதி வாசல்வரை வந்தார் அவர். வாரத்தில் அவருக்கிருந்த ஒரே ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் எங்களுக்குப் போயிற்று. அவர் ஊர் பார்த்த முதல் நாளைப் பற்றி மகள் கேட்டாள். “லாரில பின்னாடி உக்காந்துதான் பாத்தேன் பாப்பா. நேரா தங்குற எடத்துல எறக்கி விட்டுட்டாங்க” என்றார், எந்தப் புகாரும் இல்லாத குரலில்.

ஒரே நகரம், இரண்டு முதல் நாட்கள். எங்களுக்குக் குளிரூட்டிய ரயில். அவருக்குத் திறந்த லாரி. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்ற நகரம் என்று நாம் பூரிக்கலாம். ஆனால் வந்திறங்குபவனுக்கு அவன் பணப்பையின் கனத்தைப் பார்த்தே அந்நகரமும் முகம் காட்டுகிறது. அதைக் கட்டி எழுப்புகிறவனின் முதல் நாள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. நம் ஊரும் யாரோ ஒருவருக்குப் பெரிய அந்நிய நகரம்தான். குளிர்காலத்தில் செங்கம் சாலையில் திரியும் ஐரோப்பியக் குடும்பங்களுக்கு நாம் நாற்காலி போடுகிறோம். கூடவே விலையையும் ஏற்றுகிறோம். ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பௌர்ணமிக்கு வரும் விவசாயக் குடும்பங்களோ பேருந்து நிலையத்திலும் கிரிவலப்பாதை ஓரத்திலும் குழந்தைகளைக் கிடத்தி உறங்குகின்றன. தெலுங்கு எழுத்து நம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. அறையும் சாப்பாடும் விற்க அது வேண்டியிருக்கிறது. ஆனால் வழி கேட்கும் தெலுங்குக் கிழவியிடம் நின்று பேச நமக்குப் பொறுமை இல்லை.

இது நமக்குப் பழைய பழக்கமும்கூட. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, வீட்டாரிடம் சொல்லாமல் மதுரையை விட்டுக் கிளம்பிய பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வூருக்கு வந்து சேர்ந்தான். எஞ்சியிருந்த காசையும் அன்றே அய்யங்குளத்தில் எறிந்துவிட்டான். ஆயிரங்கால் மண்டபத்தில் மௌனமாக அமர்ந்தவனை ஊர்ப் பிள்ளைகள் கல்லெறிந்து துன்புறுத்தினர். அவன் பாதாள லிங்கத்தின் இருளுக்குள் ஒதுங்க நேர்ந்தது. அங்கே அவனைக் காக்க முயன்றவர் சேஷாத்ரி சுவாமிகள். அவரும் இவ்வூருக்கு வெளியிலிருந்து வந்தவரே. பின்னாளில் அச்சிறுவனை ரமணர் என்று உலகம் அறிந்ததும் நாம் பெருமை கொண்டாடினோம். அவர் வெறும் வெங்கட்ராமனாகவே இருந்திருந்தால் அந்தக் கற்களைப் பற்றி யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள்.

லட்சக்கணக்கில் கூட்டம் சேரும் ஊரில் ஒவ்வொருவரையும் யார் கவனிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கழிப்பறையும் குடிநீரும் தங்குமிடமும் நிர்வாகம் செய்யவேண்டியவை; அவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். மணிக்கட்டில் மெல்லக் கை வைப்பது எந்தச் சட்டத்திலும் வராது. ரயிலில் அபராதத்தை எழுதிவைத்தது அரசு. அந்த மூதாட்டி செய்ததைச் செய்யும்படி அவருக்கு யாரும் உத்தரவிடவில்லை.

மெர்லயனை நாங்கள் மூன்றாம் நாள் பார்த்தோம். புகைப்படங்களில் இருப்பதுபோலவே இருந்தது. ஊர் திரும்பியபின் அம்மா அதைப் பற்றிப் பேசியதில்லை. போளூர்ப் பிள்ளையைப் பற்றி மட்டும் அடிக்கடி விசாரிக்கிறார். முகவரி வாங்காமல் வந்துவிட்ட எங்களிடம் பதில் இல்லை. லாரியின் பின்புறம் அமர்ந்து அவர் பார்த்த அந்த நகரத்தை அவரே ஒருநாள் எழுதினால், தமிழ்ப் பயண இலக்கியத்தில் நெடுநாளாக இல்லாத ஒரு பக்கம் நமக்குக் கிடைக்கும்.