புலியைப் பிடித்துவிட்டால் பயம் தீருமா?

ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய என் பாட்டி, விடியுமுன் தனியாகத் தீம்பாருக்குள் போகமாட்டார். "குனிந்து மரம் சீவுகிறவரை மனிதர் என்று புலி நினைக்காது" என்பார். 2023 இறுதியில் கிளந்தான், குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கிச் சிலர் இறந்த செய்தியைப் படித்தபோது அவர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. இறந்தவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு.

இப்படி நடக்கும்போதெல்லாம், "புலியைப் பிடித்துக்கொண்டு போங்கள்" என்கிறோம். ஆளைக் கொன்ற புலியைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால், கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்து வேறு காட்டில் விட்டால் ஆபத்து குறைந்துவிடுமா?

இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலத்தில், ஜுன்னார் வட்டாரத்தில் 2001 முதல் 2003 வரை நூற்றுக்கு மேற்பட்ட சிறுத்தைகள் பிடிக்கப்பட்டன. அவற்றில் சில பக்கத்துக் காடுகளில் விடப்பட்டன. அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல்கள் 17 ஆக உயர்ந்ததை, வித்யா ஆத்ரேயா குழுவினரின் ஆய்வு காட்டியது.

நம் நாட்டுக் காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகளோ 150க்கும் குறைவு. கண்ணி வைப்பவர்கள் புலியை மட்டும் கொல்வதில்லை. அதன் இரையான மானையும் பன்றியையும் அழிக்கிறார்கள். இரை குறைந்தால் புலி மாட்டைத் தேடி வெளியே வரும். பேராக், ரோயல் பெலும் காட்டில் ஜஹாய் பூர்வக்குடியினரை 'ரிமாவ்' அமைப்பு சம்பளத்துக்கு அமர்த்தி, 'மென்ராக்' என்ற ரோந்துக் குழுக்களை நடத்துகிறது. காட்டுத் தடம் அறிந்த அவர்களே கண்ணிகளைத் தேடி அகற்றுகிறார்கள்.

காட்டோரத் தோட்டங்களிலும் மக்களால் செய்யக்கூடியவை உண்டு. இரவில் மாடுகளைக் கொட்டகையில் அடைக்கலாம், புதர்களை வெட்டலாம், இருவர் இருவராக வேலைக்குப் போகலாம், காலடித் தடம் கண்டவுடன் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்கலாம்.

ஆனால், இன்று தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். எச்சரிக்கை அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா? புலி நடமாடும் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் கிடைக்குமா? கிடைக்காது என்றால், தடத்தைப் பார்த்தவரும் பேசாமல் வேலைக்குப் போய்விடுவார்.

மாணவர்களே, உள்ளூர் மக்களின் பங்கேற்பு என்று கட்டுரையில் எழுதும்போது, விடியற்காலையில் முதலில் தீம்பாருக்குள் நுழைகிற அந்தத் தொழிலாளியையும் சேர்த்து எழுதுங்கள். அவருக்குப் பாதுகாப்பு இல்லாமல் புலிக்கும் பாதுகாப்பு இல்லை.