காக்கா மந்திரவாதி

கூகி வா தியாங்கோ எழுதின 'விசார்ட் ஆஃப் தி க்ரோ' நாவல் 700 பக்கத்துக்கும் மேல. "இந்த வயசுல மாயமந்திரக் கதையா?"ன்னு கேட்கிறாங்க. கேட்கட்டும். விவசாயி படிக்க வேண்டியது இந்த மாதிரிக் கதையைத்தான்னு நான் சொல்வேன்.

அபுரீரியான்னு ஒரு கற்பனை ஆப்பிரிக்க நாடு. அதிபர் பிறந்தநாளுக்கு வானத்தைத் தொடுற கோபுரம் கட்டப் போறாங்க, அதுவும் கடன் வாங்கி. எதிரிங்களைக் கண்டுபிடிக்கணும்னு ஒரு அமைச்சர் ஆபரேஷன் பண்ணி கண்ணைப் பெருசாக்கிக்கிறார். இன்னொருத்தர் காதை. படிச்சும் வேலை கிடைக்காத காமிட்டி, போலீஸ்கிட்ட தப்பிக்க ஒரு வாசல்ல மூட்டையைத் தொங்கவிட்டு 'மந்திரவாதி வீடு'ன்னு எழுதி வைக்கிறான். துரத்தின போலீஸ்காரரே அப்புறம் குறி கேட்க வந்து நிற்கிறார்!

வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு ஒரு பேச்சு கிளம்புது. வரிசை வளர்ந்துக்கிட்டே போகுது, எங்க முடியுதுன்னு யாருக்கும் தெரியல. கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு, சாக்கு வரல, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு நாள்கணக்கா காவல் கிடந்தவனுக்கு இது மாயக்கதையா என்ன?

இதையே நேரா எழுதினா அது மனு. மனு எத்தனையோ கொடுத்தாச்சு. கூத்துல கட்டியங்காரன் ராஜாவைக் கேலி பண்றப்ப ஊரே சிரிக்குதே, கூகி செய்யறது அந்த வேலை. சிரிச்சதுக்கப்புறம் அதிகாரத்து மேல இருக்கிற பயம் கொஞ்சமாவது குறையும்.

இன்னொரு விஷயம். இதை அவர் முதல்ல எழுதினது தாய்மொழியான கிக்கூயுவுல. அவரே இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து 2006-ல வந்தது. 1977-ல கமிரித்து கிராமத்து விவசாயிங்களையும் தொழிலாளிங்களையும் வச்சு அதே மொழியில நாடகம் போட்டார். கென்ய அரசு அதைத் தடை பண்ணி, விசாரணையே இல்லாம அவரை ஒரு வருஷம் சிறையில வச்சது. அவர் அதுவரை எழுதின இங்கிலீஷ் நாவல்களுக்கு அந்த கதி வரல. கூலிக்காரனுக்குப் புரியற மொழியில கதை சொன்னா அரசாங்கத்துக்கு ஏன் அவ்வளவு பயம்? யோசிங்க.

நீளம் ஒரு குறையே இல்ல. திண்ணையில சொல்ற கதையும் அப்படித்தான், ஒண்ணுக்குள்ள ஒண்ணா போய்க்கிட்டே இருக்கும். எனக்குப் பிடிச்சதே அதுதான். கரண்ட் வர்ற வரைக்கும் மோட்டார் கொட்டகையில செல்போனைத் தேய்க்கிற நேரத்துல தினம் 10 பக்கம் படிங்க. ஒரு உளுந்து மகசூலுக்குள்ள முடிச்சிடலாம்.