முதல் செமஸ்டரில் அரியரா? பிள்ளையிடம் கோபப்படும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை!

“ரிசல்ட் வந்துடுச்சாமே... உனக்கு என்னடா ஆச்சு?”

“சர்வர் டவுன் மா. ஓப்பனே ஆகலை.”

மறுநாள் கேட்டாலும் சர்வர் டவுன். அதற்கடுத்த நாள் போனே எடுப்பதில்லை. ஒரு வாரம் கழித்து, அதே கல்லூரியில் படிக்கும் எதிர்வீட்டுப் பெண்ணின் அம்மா மூலமாகத்தான் விஷயம் தெரியவருகிறது. மகனுக்கு இரண்டு பாடங்களில் அரியர்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பிள்ளை, இன்ஜினீயரிங் முதல் செமஸ்டரில் தடுமாறுவது பல வீடுகளில் நடக்கிற விஷயம். பள்ளியில் ஓராண்டு முழுக்க நடத்திய பாடங்கள் போய், சில மாதங்களில் ஒரு செமஸ்டர் முடிந்துவிடுகிறது. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு மொழியும் சேர்ந்து மிரட்டும். ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’, பைதான் என எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

ஒரு அரியரால் வாழ்க்கை கெட்டுப்போவதில்லை. அதை வீட்டில் சொல்ல முடியாமல் பிள்ளை மறைக்கத் தொடங்குவதுதான் ஆபத்து. ஒன்றை மறைக்க இன்னொரு பொய், அதற்குள் அடுத்த செமஸ்டர், மேலும் இரண்டு அரியர் என அது வளரும்.

கணக்கு தெரிந்தால் பயம் குறையும்

பிள்ளையிடம் பேசும் முன், பாஸ் மார்க் கணக்கைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில், 2021 விதிமுறைப்படி, தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40 மார்க், செமஸ்டர் தேர்வு 60 மார்க். இரண்டும் சேர்த்து 50 எடுக்க வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவிகிதம் வேண்டும்.

இன்டர்னலில் 30 மார்க் வைத்திருக்கும் மாணவர், 100 மார்க் தேர்வுத்தாளில் 45 எடுத்தாலே பாஸ். இன்டர்னலில் 15 மட்டுமே வைத்திருப்பவர் அதே தாளில் 59 எடுக்க வேண்டும். ஆக, ரிசல்ட் அன்றைக்கு வரும் அதிர்ச்சியின் பாதி, இன்டர்னல் தேர்வு நடக்கும்போதே தெரிந்துவிடுகிறது. “நல்லா படிக்கிறியா?” என்ற கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் “ம்” என்றுதான் சொல்வார்கள். “இன்டர்னல்ல எந்த சப்ஜெக்ட் கஷ்டமா இருந்துச்சு?” என்று கேட்டால் பதில் வரும்.

தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்த விகிதம் மாறலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விதிமுறையே வேறாக இருக்கலாம். பிள்ளை எந்த ஆண்டு விதிமுறையின் கீழ் படிக்கிறார் என்று கேட்டு, அதை ஒருமுறை அவரோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

அட்டெண்டன்ஸில் அலட்சியம் வேண்டாம்

அரியரைவிட அதிகம் பயப்பட வேண்டியது வருகைப்பதிவுக்குத்தான். பொதுவாக 75 சதிவிகிதம் கட்டாயம். உடல்நலக் குறைவு போன்ற தகுந்த காரணம் இருந்தால் 65 வரை சலுகை கேட்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. அந்த செமஸ்டரையே அடுத்த கல்வியாண்டில் திரும்பப் படிக்க நேரிடும். அரியர் என்றால் ஒரு தாள்தான் போகும். இதில் ஒரு வருடமே போய்விடும்.

டெங்கு, மஞ்சள்காமாலை என்று பிள்ளை வீட்டில் படுத்திருந்தால், கல்லூரிக்குத் திரும்பும் நாளிலேயே மருத்துவச் சான்றிதழைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். செமஸ்டர் கடைசியில் தேடி ஓடினால் எடுபடாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் “ரெண்டு நாள் லீவு போடு, வந்துட்டுப் போ” என்று அழைப்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ரிசல்ட் வந்த வாரத்தில்...

அரியர் என்று தெரிந்ததும் முதல் வேலை, நன்றாக எழுதியதாகப் பிள்ளை நம்பும் தாளுக்கு விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிப்பது. நகல் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, மார்க் கூட வாய்ப்பிருக்கிறது என்று அவர் சொன்னால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்குக் கொடுக்கும் அவகாசம் சில நாள்கள்தான். வீட்டுக்குப் பயந்து ரிசல்ட்டை மறைக்கும் பிள்ளை இந்த வாய்ப்பைத்தான் முதலில் இழக்கிறது.

அடுத்தது, அரியர் தேர்வுக்கான கட்டணம். வீட்டில் சொல்லாத பிள்ளைகள் “ப்ராஜெக்ட்டுக்கு வேணும்”, “ஜெராக்ஸ் எடுக்கணும்” என்று கேட்பது இதற்காகவும் இருக்கலாம். கேட்க வழியில்லாமல் நண்பர்களிடமோ, கடன் ஆப்பிலோ வாங்குவதும் உண்டு. “அரியர் ஃபீஸ் எப்போ கட்டணும்? நான் தர்றேன்” என்று நீங்களே கேட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

அரியர் தாளை அடுத்த செமஸ்டர் தேர்வுகளோடு சேர்த்து எழுதலாம். நான்கு வருட பி.இ. படிப்பை முடிக்க ஏழு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆனால், அதை நம்பித் தள்ளிப்போடக் கூடாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல நிறுவனங்கள், அந்த நேரத்தில் எழுதி முடிக்காத அரியர் இருக்கக் கூடாது என்று கேட்கின்றன. முதல் வருட அரியரை இரண்டாம் வருடத்துக்குள் முடித்துவிட்டால் அந்தச் சிக்கல் வராது.

சொல்லக் கூடாதவை... சொல்ல வேண்டியவை

“நகையை அடகு வெச்சுப் படிக்க வைக்கிறோம்” என்பது உண்மையாகவே இருக்கலாம். பிள்ளைக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் சொல்லப் பயப்படுகிறது. “உன் அத்தை பையனைப் பாரு” என்ற ஒப்பீடும் அன்றைக்கு வேண்டாம். விசேஷ வீட்டில் பெரியப்பாவோ, சித்தியோ “எத்தனை அரியர்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டால், “படிச்சிட்டு இருக்கான், முடிச்சிடுவான்” என்று முந்திக்கொண்டு சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

முதல் நாள் சாப்பாடு போட்டுத் தூங்கவிடுங்கள். மறுநாள் பேசுங்கள். புரியவில்லையா, படிக்கவில்லையா, இந்தப் படிப்பே பிடிக்கவில்லையா... மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. புரியவில்லை என்றால் கிளாஸ் அட்வைசரிடமும் சீனியர்களிடமும் உதவி கேட்கலாம். கல்லூரிக்குப் போய்ப் பேசுவதாக இருந்தால், பிள்ளையிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் உடன் அழைத்துக்கொண்டு போங்கள். 18 வயது நிரம்பியவரைத் தெரியாமல் விசாரிக்கப் போனால் மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

சில நேரம் மார்க் குறைவது வேறு ஒன்றின் அறிகுறி. தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, யாரிடமும் பேசாமல் இருப்பது, “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு... இவற்றைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க வேண்டாம். இருந்து என்ன பயன் என்று பிள்ளை பேசினால் தனியே விடாமல் உடனிருந்து, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். ராகிங் தொல்லை என்றால் யு.ஜி.சி-யின் 1800-180-5522 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பெற்றோரும் இந்த எண்களில் பேசலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன், ஒரே ஒரு வரி சொல்லிப் பாருங்கள்: “எது ஆனாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லு. திட்ட மாட்டோம்.” சொன்னபடி திட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். அந்தத் தேர்வில் பாஸாக வேண்டியது பெற்றோர்!