அம்மா, நம்ம ஊர்ல டைனோசர் இருந்துச்சா?

கரையான்சாவடியில் மெட்ரோ வேலைக்காக ராட்சத கிரேன்கள் நின்ற நாள்கள் அவை. பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்த வீட்டுக் குட்டிப் பையனுக்கு அது கிரேன் இல்லை, 'நீளக்கழுத்து டைனோசர்'. வயது ஐந்து. 'பிராக்கியோசாரஸ்' என்று திக்காமல் சொல்வான். ஸ்கூல் டைரி எங்கே என்று கேட்டால் மட்டும் முழிப்பான்.

சாப்பாட்டு நேரத்தில்தான் அம்மாவுக்குச் சோதனை.

"நல்லா மென்னு சாப்பிடுடா!"

"டைனோசர் மெல்லாதும்மா. அப்படியே முழுங்கிடும்!"

அவன் சொல்வது சரிதான். நீளக்கழுத்து தாவர உண்ணிகளுக்கு மெல்லும் கடைவாய்ப் பற்கள் கிடையாது. மெல்லத் தேவையில்லாததால் தலை சிறியது. தலை சிறியதாக இருந்ததால், கழுத்து அவ்வளவு நீள முடிந்தது. நின்ற இடத்திலிருந்தே சுற்றியுள்ள இலைதழைகளை வளைத்து வளைத்துத் தின்னலாம். மகாராஷ்டிராவின் பிஸ்துராவில் கிடைத்த, கல்லாகிப்போன டைனோசர் சாணத்தில் நெல்லுக்குச் சொந்தக்காரப் புற்களின் தடயம்கூட இருந்தது.

ஒருநாள் பையன் கேட்டான். "அம்மா, நம்ம ஊர்ல டைனோசர் இருந்துச்சா?"

"அதெல்லாம் அமெரிக்காலடா" என்றார் அம்மா. பல வீடுகளில் சொல்லப்படும் பதில்தான். ஆனால், உண்மை வேறு.

அரியலூர் ராட்சதன்

அரியலூர் பக்கம் உள்ள கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-ம் ஆண்டு ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். பிருகத்காயோசாரஸ். 'மிகப்பெரிய உடல் கொண்ட பல்லி' என்று பொருள். அதே மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கும் பிரகதீஸ்வரர் பெயரிலும் இதே 'பெரிய' ஒளிந்திருக்கிறது.

முதலில் மாமிச உண்ணி என்றே கருதப்பட்டது. பிறகுதான் நீளக்கழுத்து தாவர உண்ணி என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். வாழ்ந்த காலம் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர்! எடை 100 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்கிறது 2023-ல் வந்த ஒரு கணக்கு. அது சரியென்றால், உலகில் நடமாடிய மிகப்பெரிய விலங்குகளில் ஒன்று நம் அரியலூர்க்காரர்.

எலும்பு எங்கே?

இதையெல்லாம் போனில் படித்துக் காட்டிய அப்பா, இன்ச் டேப்பை எடுத்துவந்தார். பையனின் உயரத்தை வருடா வருடம் குறிக்கும் சுவரில் 2 மீட்டருக்கு ஒரு பென்சில் கோடு. அது அப்பாவின் தலைக்கும் மேலே போனது. பையன் வாயைப் பிளந்தான்.

"அந்த எலும்பைப் பார்க்கப் போலாமாப்பா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த எலும்புகள் இன்று இல்லை. எளிதில் பொடியும் நிலையில் இருந்தவை, பாதுகாக்க முடியாமல் உதிர்ந்தே போய்விட்டன. மிஞ்சியவை சில படங்களும் குறிப்புகளும்தான். எடைக் கணக்கில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகாததற்கு அதுவே காரணம்.

பார்க்க வேறு இடங்கள் உண்டு. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாக மாறிய பெரிய மரம் படுத்திருக்கிறது. எழும்பூரிலிருந்து திருச்சி பக்கம் போகும் ரயில்கள் பலவும் அரியலூரில் நிற்கும். அடுத்த லீவுக்கு இதை யோசிக்கலாம்.

பள்ளிப் பாடம் ஏறஏற, பல குழந்தைகளின் டைனோசர் ஆசை சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். கேள்வி கேட்கும் வயதில் பதில் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தால், அது கொஞ்சம் நீடிக்கும்.

அன்று இரவு தூங்கப்போகும் முன் பையன் சொன்னான். "நான் தோண்டி எடுத்தா, பத்திரமா வெச்சுப்பேன்பா."

சுவரில் அந்த பென்சில் கோடு இன்னும் இருக்கிறது.